ஓட்டு வேறு, உறவு வேறு

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)

இறைவார்த்தை: மத்தேயு 5:21-26



திருப்பலியில் திருவிருந்துக்கு முன், ஒருவருக்கொருவர் சமாதானம் பகிர்ந்துகொள்ள அழைக்கிறோம். பீடத்தில் நிற்கும் எங்களுக்கு அந்த நேரத்தில் கோவில் முழுவதும் கண்ணில் படும். எல்லாரும் கைகூப்பி இடமும் வலமும் திரும்புகிறார்கள். சிலர் மட்டும் ஒரு பக்கம் திரும்புவதே இல்லை. அந்தப் பக்கத்தில் இருப்பவர் யார் என்று பார்த்தால் உடன்பிறந்த அண்ணனாக இருப்பார். அல்லது சம்பந்தியாக, ஒரே பள்ளியில் படித்த நண்பராக, இருபது ஆண்டுகள் ஒன்றாகப் பாடற்குழுவில் பாடியவராக இருப்பார்.

விசாரித்தால் சொத்துத் தகராறு இல்லை, வரப்புச் சண்டை இல்லை, கொடுக்கல் வாங்கலும் இல்லை. போன தேர்தலில் இவர் ஒரு கட்சிக்குப் பூத் ஏஜென்ட், அவர் எதிர்க்கட்சிக்கு. வாக்கு எண்ணிக்கை நாளில் தேநீர்க் கடையில் வாய்த் தகராறு. அன்றோடு பேச்சு நின்றது. வெற்றி பெற்றவர் சென்னைக்குப் போய்விட்டார். தோற்றவரும் அடுத்த தேர்தலுக்குத் தயாராகிவிட்டார். இங்கே இரண்டு வீட்டுப் பிள்ளைகள் மட்டும் எதிரெதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போகிறார்கள்.

அரசியல் கருத்து வேறுபாட்டால் நெருங்கிய உறவுகளை இழப்பது பற்றி இன்று சேர்ந்து சிந்திப்போம்.

எங்கள் வீட்டு நடுச்சுவர்

பிறர் வீட்டுக் கதையைச் சொல்லி அறிவுரை கூறுவது எளிது. எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறோம்.

வெண்ணாற்றுப் பாசனத்தில் ஒரு சிறிய ஊர். அப்பாவும் சித்தப்பாவும் அப்பாயியோடு ஒரே வீட்டில் இருந்தார்கள். 1967 தேர்தலில் அண்ணனும் தம்பியும் சேர்ந்தே சுவரில் உதயசூரியன் வரைந்தார்கள் என்று அம்மா சொல்வார்கள். 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டார், அதே மாதம் 17-ஆம் நாள் அ.தி.மு.க.வைத் தொடங்கினார். சென்னையில் ஒரு கட்சி இரண்டானது. நம் டெல்டாவில் எத்தனையோ வீடுகள் இரண்டாயின. அப்பா கலைஞர் பக்கம் நின்றார். சித்தப்பா எம்.ஜி.ஆர். பக்கம் போனார்.

அப்பாயி இருந்தவரை, சாப்பாட்டு நேரத்தில் கட்சி பேசக்கூடாது என்று வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. அப்பாயி போனபின் சட்டமும் போயிற்று. 1977-இல் எம்.ஜி.ஆர். வெற்றி பெற்ற செய்தி வந்ததும் சித்தப்பா எங்கள் வாசலிலேயே சரவெடி கொளுத்தினார். அப்பா ஏதோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அது என்ன வார்த்தை என்று இன்றுவரை பெரியவர்கள் யாரும் எங்களிடம் சொன்னதில்லை. அடுத்த மாதமே கூடத்தின் குறுக்கே செங்கல் சுவர் எழுந்தது.

வயல்கள் மட்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் கிடந்தன. இரண்டுக்கும் ஒரே மடை. முறை வைத்துத்தான் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். ஒருவர் முறை முடிந்ததை மற்றவருக்குச் சொல்ல வேண்டுமே! அதற்குப் பிள்ளைகளாகிய நாங்கள். "சித்தப்பா, மடையை மாத்தியாச்சுன்னு அப்பா சொல்லச் சொன்னாங்க" என்று வரப்பில் ஓடியிருக்கிறோம். கிறிஸ்மஸ் பலகாரம் கொல்லைப்புறமாகத் தட்டில் போகும், வரும். அது அம்மாவுக்கும் சித்திக்கும் இடையே உள்ள இரகசியம் என்று நினைத்திருந்தோம். ஆண்கள் இருவருக்கும் அது தெரிந்தே இருந்திருக்கும்.

1987 டிசம்பர் 24-ஆம் நாள் எம்.ஜி.ஆர். மறைந்தார். கடைகள் அடைத்துக் கிடந்தன, பேருந்துகள் ஓடவில்லை. அன்று இரவு நாங்கள் நள்ளிரவுத் திருப்பலிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் சித்தப்பா வாய்விட்டு அழுவது கேட்டது. அம்மா சொன்னார்கள்: "ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வாங்க. இன்னைக்குப் போகலேன்னா அப்புறம் என்னைக்கு?" அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். வாசல்வரை போனார். கொஞ்ச நேரம் நின்றார். "நான் போனா, சந்தோஷப்பட வந்திருக்கேன்னு நெனைப்பான்" என்று சொல்லித் திரும்பிவிட்டார்.

மூன்று ஆண்டுகள் கழித்துச் சம்பா நடவு நேரத்தில் சித்தப்பா வயலிலேயே நெஞ்சுவலியால் விழுந்தார். வீட்டுக்குத் தூக்கி வருவதற்குள் உயிர் பிரிந்துவிட்டது. பதின்மூன்று ஆண்டுகள் மிதிக்காத அந்த வாசற்படியை அப்பா அன்று மிதித்தார். தம்பியின் உடலைக் கட்டிக்கொண்டு அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "அன்னைக்கே வந்திருக்கணும்டா."

இன்னொரு கண்ணீர்

அந்தக் கண்ணீரை நினைக்கும்போதெல்லாம், தமிழகம் அறிந்த இன்னொரு கண்ணீரும் நினைவுக்கு வருகிறது.

1972-ஆம் ஆண்டு கிறிஸ்மஸ் நாளில், தம் 94-ஆம் வயதில் ராஜாஜி சென்னையில் காலமானார். அவருடைய இறுதிச் சடங்குக்கு 93 வயதுப் பெரியார் சக்கர நாற்காலியில் வந்தார். அங்கே எல்லார் முன்னிலையிலும் கண்ணீர் விட்டு அழுதார்.

இந்த இருவரும் யார்? ஒருவர் சேலம் நகராட்சித் தலைவராகவும் மற்றவர் ஈரோடு நகராட்சித் தலைவராகவும் இருந்த காலத்திலிருந்தே நண்பர்கள். பெரியாரைக் காங்கிரசுக்குள் அழைத்து வந்தவர்களில் முக்கியமானவர் ராஜாஜி. ஆனால் 1925-இல் காஞ்சிபுரம் மாநாட்டோடு பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். அதன்பின் இருவரும் எதிர் எதிர்த் துருவங்கள். ஒருவர் ஆழ்ந்த கடவுள் பக்தர், மற்றவர் கடவுள் மறுப்பாளர். ராஜாஜி முதல்வராக இருந்து பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது, அதை எதிர்த்துப் போராடிய பெரியாரை 1938-இல் அதே ஆட்சி சிறையில் அடைத்தது. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லிப் பெரியார் ஊர் ஊராக எதிர்த்தார். அடுத்த ஆண்டே ராஜாஜி பதவி விலக நேர்ந்தது. 1967 தேர்தலிலும் ராஜாஜி தி.மு.க. கூட்டணியில் இருந்தார், பெரியார் காங்கிரசை ஆதரித்தார்.

ஒருவரால் மற்றவர் சிறை போனார். மற்றவரது எதிர்ப்பும் சேர்ந்து இவருடைய பதவி போனது. நம் ஊர்த் தேநீர்க் கடைச் சண்டையை இதோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். எது பெரியது?

அப்படியிருந்தும், 1949 மே மாதம் தம் சொந்த வாழ்வைப் பற்றி ஒரு முக்கிய முடிவெடுக்கும் நேரத்தில், பெரியார் திருவண்ணாமலைக்குச் சென்று ராஜாஜியைச் சந்தித்தார். அரசியல் மேடையில் கடுமையாக எதிர்த்த மனிதரிடம் குடும்ப விஷயத்தை மனம் விட்டுப் பேச முடிந்தது. எதிரியிடம் யாரும் அப்படிப் பேசுவதில்லை, நண்பரிடம்தான் பேசுவார்கள்.

பெரியாரை மறையுரையில் எடுத்துக்காட்டாகச் சொல்லலாமா என்று சிலர் நினைக்கலாம். அவர் நம் நம்பிக்கையை மறுத்தவர் என்பது உண்மை. ஆனால் அன்புக்கு இலக்கணம் கேட்ட திருச்சட்ட அறிஞருக்கு, யூதர்கள் ஒதுக்கிவைத்த ஒரு சமாரியரை எடுத்துக்காட்டிய ஆண்டவரின் சீடர்கள் நாம்.

1949-இல் இன்னொரு பிரிவும் நடந்தது. பெரியார்–மணியம்மையார் திருமணத்தை ஒட்டி எழுந்த கருத்து வேறுபாட்டால் அண்ணா பெரியாரை விட்டுப் பிரிந்தார். அந்த ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள், பெரியாரின் பிறந்த நாளன்று, தி.மு.க. பிறந்தது. புதிய கட்சிக்கு அண்ணா தலைவராகவில்லை. தலைவர் நாற்காலி பெரியாருக்காகக் காலியாக விடப்பட்டது. அண்ணா பொதுச்செயலாளராக மட்டும் இருந்தார். தொடர்ந்து 18 ஆண்டுகள் கடுமையான ஏச்சும் பேச்சும். 1967 தேர்தலில் தி.மு.க.வைத் தோற்கடிக்கப் பெரியார் பிரச்சாரம் செய்தார். தி.மு.க. வென்றது. முதல்வராகப் பொறுப்பேற்கும் முன் அண்ணா என்ன செய்தார்? நம் பக்கத்திலுள்ள திருச்சிக்கு வந்து பெரியாரைப் பார்த்தார்.

வென்றவர் முதலில் போனார். இதைக் கவனிக்க வேண்டும். தோற்றவர்தான் இறங்கி வர வேண்டும் என்பது நம் ஊர் வழக்கம். வென்றவர் படியேறிப் போனால் அதில் அவமானம் யாருக்கும் இல்லை. 18 ஆண்டுகளாக ஒரு நாற்காலியைக் காலியாக வைத்திருந்தவருக்குத்தான் அப்படிப் போகவும் மனம் வரும்.

ராஜாஜிக்காகப் பெரியார் விட்ட கண்ணீர், கடைசிவரை காத்துவைத்த நட்பை இழந்தவரின் கண்ணீர். எங்கள் அப்பாவின் கண்ணீரில் இழப்போடு குற்ற உணர்வும் சேர்ந்திருந்தது. நமக்கு நெருங்கியவர்களின் இறப்பில் எல்லாரும் ஒருநாள் அழத்தான் போகிறோம். எந்தக் கண்ணீர் என்பதை மட்டும் இன்றே நாம் முடிவு செய்யலாம்.

உறவு எப்படி முறிகிறது?

கருத்து வேறுபாடு மட்டுமே உறவை முறித்துவிடுவதில்லை. கணவனுக்கும் மனைவிக்கும் இல்லாத வேறுபாடா? அது முறிவாக மாறுவதற்குச் சில படிகள் உண்டு.

முதல் படி, கட்சி நம் தன்மானமாக மாறுவது. ஒரு கட்சியின் திட்டம் நல்லதென்று நினைப்பது கருத்து. அந்தக் கட்சியை யாராவது குறை சொன்னால் நம் தாயைத் திட்டியதுபோல் துடிப்பது வேறு நோய். பவுலடியார் கொரிந்து சபையில் கண்டது இதைத்தான். சிலர் பவுல் கட்சி, சிலர் அப்பொல்லோ கட்சி, சிலர் கேபா கட்சி என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். தம் பெயரில் கட்சி இருக்கிறதே என்று பவுல் மகிழவில்லை. உங்களுக்காகச் சிலுவையில் அறையுண்டது பவுலா என்று கேட்டார். அந்தக் கேள்வியை நாமும் நம்மிடம் கேட்டுக்கொள்ளலாம். நம் தலைவர் நமக்காக என்ன விலை கொடுத்தார்? நாம் அவருக்காக எந்த உறவை விலையாகக் கொடுத்தோம்?

இரண்டாம் படி, எதிரே இருக்கும் மனிதர் மறைந்து, அவருடைய கட்சி மட்டும் தெரிவது. நம் தம்பி பேசும்போது தம்பி பேசுவதாகக் காதில் விழுவதில்லை. தொலைக்காட்சியில் நாம் வெறுக்கும் பேச்சாளரின் குரலே விழுகிறது. அந்தப் பேச்சாளருக்குச் சொல்ல வேண்டிய பதிலைத் தம்பிக்குச் சொல்கிறோம். நமக்குக் காய்ச்சல் வந்தபோது தோளில் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடியவன் அவன் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வருவதில்லை.

மூன்றாம் படி, ஏளனம். மறுத்துப் பேசினால் ஆறிவிடும். கேலி செய்தால் ஆறாது. இன்று இந்தக் கேலியைச் செய்ய நாம் வாய் திறக்கவும் வேண்டாம். யாரோ தயாரித்த படத்தையும் வசனத்தையும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தள்ளிவிட்டால் போதும். முகத்துக்கு நேராகச் சொல்ல நாக்கூசும் சொல்லை விரல் எளிதாக அனுப்பிவிடுகிறது. அனுப்பியவர் தூங்கிவிடுகிறார், பார்த்தவர் தூங்குவதில்லை. பிறந்தநாள் வாழ்த்துக்கும் பேரப்பிள்ளை படத்துக்கும் தொடங்கிய குழுவிலிருந்து பெரியப்பா ஒருநாள் விலகிவிடுகிறார். யாரும் அவரைக் கூப்பிட்டுப் பேசுவதில்லை.

இவற்றோடு நம் ஊராட்சித் தேர்தலையும் சொல்ல வேண்டும். ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் பதவிகளுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. ஆனாலும் பகை அங்கேதான் அதிகம். ஏனென்றால் அங்கே நிற்பவர் நம் மாமா. எதிர்த்து நிற்பவர் நம் மைத்துனர். வாக்குகள் சில நூறுதான். எந்த வீட்டு ஓட்டு எங்கே போயிருக்கும் என்று ஊரே விரல் விட்டு எண்ணுகிறது. இரகசிய வாக்கு என்பது சட்டத்தில் இருக்கிறது. சொந்தபந்தத்தில் அதை மதிக்க நாம் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. யாருக்குப் போட்டாய் என்று உறவினரிடம் கேட்பதே தவறு. சத்தியம் வாங்குவது அதைவிடத் தவறு.

மறைநூல் காட்டும் வழி

ஆண்டவர் தம் பன்னிருவரை எப்படித் தேர்ந்தெடுத்தார் என்று பாருங்கள். அந்தப் பட்டியலில் மத்தேயு இருக்கிறார். ஆள்வோருக்காக மக்களிடம் வரி தண்டியவர். அதே பட்டியலில் தீவிரவாதியாய் இருந்த சீமோனும் இருக்கிறார்; அந்நிய ஆட்சியை வெறுத்தவர்களின் உணர்வு கொண்டவர் என்பதை அவருடைய அடைமொழியே காட்டுகிறது. ஒரே சட்டியில் கைவிட்டு உண்ட இருவர் இவர்கள். முதலில் உங்கள் அரசியலைச் சரிசெய்துகொண்டு வாருங்கள் என்று ஆண்டவர் இவர்களிடம் சொன்னதாக நற்செய்தியில் எங்கும் இல்லை. இருவரையும் பந்தியில் அமர வைத்தார். இருவர் காலையும் கழுவினார்.

பிரிவது தவிர வேறு வழியில்லை என்ற நிலையும் வரலாம். தொடக்க நூல் 13-ஆம் அதிகாரத்தில் ஆபிராமின் மேய்ப்பர்களும் லோத்தின் மேய்ப்பர்களும் மேய்ச்சல் நிலத்துக்காகச் சண்டையிட்டார்கள். மூத்தவரான ஆபிராம், விரும்பிய பக்கத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமையை இளையவருக்கு விட்டுக்கொடுத்தார். லோத்து நீர்வளம் மிக்க சமவெளியை எடுத்துக்கொண்டார். நம் பாஷையில் சொன்னால், தலைமடையை எடுத்துக்கொண்டு பெரியப்பாவுக்குக் கடைமடையை விட்டார். ஆனால் அடுத்த அதிகாரத்திலேயே லோத்து எதிரிகளிடம் சிறைப்பட்ட செய்தி வருகிறது. ஆபிராம் கணக்குப் பார்க்கவில்லை. தம் ஆட்கள் 318 பேரைத் திரட்டிக்கொண்டு போய் மீட்டு வந்தார். இடம் பிரிந்தது; உறவு பிரியவில்லை.

பவுலும் பர்னபாவும் மாற்கைப் பற்றிய தகராறில் பிரிந்தார்கள் என்பதைத் திருத்தூதர் பணிகள் 15-ஆம் அதிகாரம் மறைக்காமல் சொல்கிறது. புனிதர்களுக்கும் அப்படி நேர்ந்தது. ஆனால் பிற்காலத்தில் திமொத்தேயுவுக்கு எழுதும்போது, மாற்கை உன்னுடன் அழைத்து வா, அவர் எனக்குப் பயன்படுவார் என்று அதே பவுல் கேட்கிறார். முன்பு வேண்டாம் என்று சொன்ன ஆளையே கேட்டு வாங்குகிறார்.

திருச்சபை நமக்கு என்ன கற்பிக்கிறது? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பர் 7-ஆம் நாள் வெளியிட்ட, இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏடு இதைத் தெளிவாகப் பேசுகிறது. உலகக் காரியங்களை ஒழுங்குபடுத்துவதில் நல்ல கிறிஸ்தவர்களே நேர்மையாக வெவ்வேறு முடிவுக்கு வரலாம் என்று 43, 75-ஆம் எண்கள் ஏற்றுக்கொள்கின்றன. திருச்சபையின் அதிகாரம் தன் கருத்துக்கு மட்டுமே உண்டென்று யாரும் உரிமை கொண்டாடக் கூடாது என்றும் சொல்கின்றன. சமூக, அரசியல், சமயக் காரியங்களில் நம்மிலிருந்து மாறுபடுவோருக்கும் நம் மதிப்பும் அன்பும் உரியவை என்று 28-ஆம் எண் கற்பிக்கிறது. தவறான கருத்து வேறு, அதைக் கொண்டிருக்கும் மனிதர் வேறு. தவறு செய்தாலும் மனிதருக்குரிய மாண்பு அவரை விட்டுப் போவதில்லை. குருக்கள் கட்சி அரசியலில் ஈடுபடாதிருக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 287 சொல்வதற்கும் இதுவே காரணம். எல்லாக் கட்சியினரும் வந்து அமரும் பந்தியின் பணியாளர்கள் நாங்கள். இந்தக் கட்சிக்குப் போடுங்கள் என்று பீடத்திலிருந்து நாங்கள் சொன்னால், பாதிப் பேரை அந்தப் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டவர்கள் ஆவோம்.

அநீதியையும் பொறுத்துக்கொள்ள வேண்டுமா?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். சமாதானம் என்ற பெயரில் எதையும் பேசாமல் இருந்துவிடலாமா?

கூடாது. நம் டெல்டா மண்ணுக்கு இது நன்றாகத் தெரியும். 1968-ஆம் ஆண்டு கிறிஸ்மஸ் இரவில், அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசையில் எரிந்து மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். நாம் பாலன் இயேசுவைத் தீவனத் தொட்டியில் கிடத்தி வணங்கிய அதே நாளின் இரவு அது. உழைப்புக்குக் கூலி, சாதியின் பெயரால் இழிவு, மனித உயிரின் மதிப்பு ஆகியவற்றில் கிறிஸ்தவர் நடுவில் நிற்க முடியாது. ஒடுக்கப்பட்டவரிடம் போய், உறவுக்காக வாயை மூடிக்கொள் என்று சொல்வது நற்செய்தி ஆகாது. நம் வீட்டுப் பந்தியிலேயே ஒருவர் சாதி பேசினால் அது தவறு என்று சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் தவறு என்று சொல்வதும், சொன்னபின் ஆளையே தலைமுழுகுவதும் ஒன்றல்ல. மாறுவதற்கு அவருக்கு ஒரு வாசல் வேண்டும். நாமும் கதவை அடைத்துவிட்டால், அவரைத் தட்டிக்கொடுத்து இன்னும் கெடுப்பவர்கள் மட்டுமே அவர் பக்கத்தில் மிஞ்சுவார்கள். பெரியாரும் ராஜாஜியும் ஒருநாளும் கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை. நட்பையும் விட்டுவிடவில்லை.

முதலில் யார் போவது?

மலைப்பொழிவில் ஆண்டவர் சொன்னதைக் கூர்ந்து கேட்க வேண்டும். காணிக்கையோடு பீடத்துக்கு முன் நிற்கும் நேரத்தில், நம்மீது சகோதரருக்கு மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போகச் சொல்கிறார். நமக்கு அவர்மீது கோபமா என்று அவர் கேட்கவில்லை. அவருக்கு நம்மீது வருத்தமா என்று கேட்கிறார். தவறு யார் பக்கம் என்ற விசாரணையையும் முதலில் வைக்கவில்லை. நினைவு யாருக்கு வந்ததோ அவர் எழுந்து போக வேண்டும்.

எப்படிப் போவது? சில எளிய வழிகளைச் சொல்கிறோம்.

கட்சி பேசுவதற்குப் போக வேண்டாம். அன்று யார் சொன்னது சரி என்று தீர்த்துக்கொள்ளவும் போக வேண்டாம். நாற்றங்கால் விட்டாயிற்றா, மூட்டு வலி எப்படி இருக்கிறது, பெண்ணுக்கு வரன் அமைந்ததா என்று கேட்கப் போகலாம். காலாண்டுக்கு ஒருமுறை இப்படிப் போய் வந்தாலே பனி உருகும்.

நல்லது கெட்டதுக்குத் தவறாமல் போவோம். சாவு வீட்டில் யாரும் கட்சி கேட்பதில்லை. அழைப்பிதழ் வரவில்லையே என்று நிற்க வேண்டாம். கெட்டதுக்கு அழைப்பு கிடையாது என்பது நம் முன்னோர் செய்துவைத்த நல்ல ஏற்பாடு. எங்கள் அப்பாவுக்கு 1987-இல் அப்படி ஒரு வாய்ப்பு வந்தது. நினைப்பான் என்ற ஒரே சொல் அவரைத் தடுத்துவிட்டது. மற்றவர் என்ன நினைப்பார் என்பதை அவரிடமே விட்டுவிடுவோம். போவது மட்டுமே நம் வேலை.

கைப்பேசியில் குடும்பக் குழுவைக் குடும்பத்துக்கே வைத்திருப்போம். ஒரு செய்தியை அனுப்பும் முன், இதே சொல்லைப் பெரியப்பாவின் முகத்துக்கு நேராகச் சொல்வேனா என்று ஒரு நொடி யோசிப்போம்.

நேராகப் போக முடியாதவர்களுக்கு இடையில் ஓர் ஆள் வேண்டும். அமெரிக்கக் குடியரசின் இரண்டாம் தலைவர் ஜான் ஆடம்ஸும் மூன்றாம் தலைவர் தாமஸ் ஜெபர்சனும் நெருங்கிய நண்பர்கள். 1800 தேர்தலில் எதிரெதிரே நின்று பகைத்துக்கொண்டார்கள். பல ஆண்டுகள் பேச்சில்லை. இருவருக்கும் பொதுவான நண்பர், பெஞ்சமின் ரஷ் என்னும் மருத்துவர், சலிக்காமல் இருவருக்கும் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். 1812 புத்தாண்டு நாளில் ஆடம்ஸ் முதல் கடிதம் எழுதினார். அதன்பின் சாகும்வரை இருவரும் எழுதிக்கொண்டார்கள். 1826 ஜூலை 4-ஆம் நாள், ஒரே நாளில் இருவரும் இறந்தார்கள். நம் அன்பியங்களில் இப்படிப்பட்ட மருத்துவர்கள் தேவை. அவன் உன்னைப் பற்றி இப்படிச் சொன்னான் என்று மூட்டிவிடுபவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர் உங்களைப் பற்றி விசாரித்தார் என்று சொல்லும் ஒருவராக நாம் இருப்போம்.

உறவில் மூத்தவர் முதலில் போகட்டும். தேர்தலில் வென்றவர் முதலில் போகட்டும். இரண்டும் இல்லையென்றால், இந்த மறையுரையைக் கேட்டவர் முதலில் போகட்டும்.

அன்பார்ந்தவர்களே, மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கல்லணைக்கு வந்ததும் காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று பிரிகிறது. பிரிந்து போகிற ஒவ்வொன்றும் வழியிலுள்ள வயல்களை நனைத்துக்கொண்டுதான் போகிறது. நம் வாக்குகளும் பிரியட்டும். அது மக்களாட்சியின் முறை. பிரிந்த இடத்தில் பயிர் கருகக் கூடாது, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டு நடுச்சுவரை அப்பா, சித்தப்பாவின் முதலாண்டு நினைவுத் திருப்பலிக்கு முந்தின நாள் தம் கையாலேயே இடித்தார். இப்போது அந்தக் கூடத்தில் இரண்டு வீட்டுப் பேரப்பிள்ளைகளும் விளையாடுகிறார்கள். தரையில் சுவர் இருந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் தெரிகிறது. சித்தப்பா உயிரோடு இருந்தபோது அதை இடித்திருக்கலாம் என்று ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் எங்களுக்குத் தோன்றும். உங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னும் ஆள் இருக்கிறார். இந்த ஞாயிறு சமாதானம் பகிரும்போது அந்தப் பக்கமும் திரும்புங்கள்.

செபிப்போம்: அன்பு இறைவா, மத்தேயுவையும் சீமோனையும் ஒரே பந்தியில் அமர்த்திய உம் திருமகனின் மனத்தை எங்களுக்குத் தாரும். நாங்கள் ஏளனம் செய்து புண்படுத்தியவர்களை இப்போது நினைக்கிறோம். எங்களைப் புண்படுத்தியவர்களையும் நினைக்கிறோம். உண்மையைச் சொல்லத் துணிவையும், சொன்னபின் கைநீட்ட அன்பையும் தாரும். பேசாமலே பிரிந்து உம்மிடம் வந்துவிட்டவர்களுக்கு எங்கள் மன்னிப்பையும் கண்ணீரையும் நீரே கொண்டுபோய்ச் சேர்த்தருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.